இரண்டு பயிர் போட்டும் இரண்டும் ஒன்றாகப் போவது ஏன்? நோட்டில் போட்டுப் பார்க்க ஒரு கணக்கு

‘ஒரே பயிரை நம்பி இருக்காதீங்க, ரெண்டு மூணா பிரிச்சுப் போடுங்க’ என்ற யோசனையைக் கேட்காத விவசாயி இருக்க மாட்டார். நல்ல யோசனைதான். ஆனால் கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டை பக்கத்துக் கரிசல் காட்டில் மானாவாரியாக ஒரு ஏக்கர் மக்காச்சோளம், ஒரு ஏக்கர் பருத்தி என்று பிரித்துப் போட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை ஏமாற்றிய வருடத்தில் இரண்டும் சேர்ந்தேதான் காய்ந்திருக்கும். கடன் தவணை கட்ட முடியாமல் நகை மறுபடியும் அடகுக்குப் போயிருக்கும்.

இதே விவசாயிகளிடம் இன்னொரு குறையும் உண்டு. ‘புது ரகத்தை மேலக்காட்டில் போட்டேன், பழையதைக் கீழக்காட்டில் போட்டேன். பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை’ என்பார்கள். விதைக்கு அதிகம் கொடுத்த பணம் வீணா, இல்லையா என்று கடைசிவரை தெரியாது.

இரண்டும் வேறு வேறு பிரச்சினை போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒரே கணக்குதான். இரண்டு விஷயங்கள் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கினால், அவற்றைக் கூட்டும்போது நமக்குக் கெடுதல். கழிக்கும்போது நமக்கு நல்லது. எப்படி என்று பார்ப்போம். பேனாவும் நோட்டும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

ஏற்ற இறக்கத்தை ஓர் எண்ணாக்குவது

கீழே இருப்பவை கணக்கு புரிவதற்காக எடுத்துக்கொண்ட எண்கள்; எந்த ஊரின் புள்ளிவிவரமும் அல்ல. செலவு போக ஓர் ஏக்கரில் நின்ற தொகை, ஆயிரம் ரூபாயில். மூன்றாவதாக இருப்பது, ஓர் ஏக்கரில் கொழுக்கட்டைப்புல்லும் முயல்மசாலும் விட்டு ஆடு வளர்த்ததில் நின்ற தொகை.

முதல் வருடம்: மக்காச்சோளம் 17, பருத்தி 19, ஆடு 13
இரண்டாம் வருடம்: மக்காச்சோளம் 5, பருத்தி 7, ஆடு 19
மூன்றாம் வருடம்: மக்காச்சோளம் 19, பருத்தி 17, ஆடு 17
நான்காம் வருடம்: மக்காச்சோளம் 7, பருத்தி 5, ஆடு 11
ஐந்தாம் வருடம்: மக்காச்சோளம் 13, பருத்தி 11, ஆடு 5
ஆறாம் வருடம்: மக்காச்சோளம் 11, பருத்தி 13, ஆடு 7

மூன்றுக்கும் ஆறு வருடச் சராசரி 12 ஆயிரம்தான். ஒப்பிடுவதற்கு வசதியாக வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறேன்.

முதலில் மக்காச்சோளத்தை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு வருடமும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது? கூட 5, குறைய 7, கூட 7, குறைய 5, கூட 1, குறைய 1. இவற்றை அப்படியே கூட்டினால் பூஜ்யம் வரும். அதனால் ஒவ்வொன்றையும் அதாலேயே பெருக்கிக் கூட்டுகிறோம்: 25, 49, 49, 25, 1, 1, மொத்தம் 150. ஆறு வருடத்தால் வகுத்தால் 25. பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் ‘விலக்க வர்க்கச் சராசரி’ என்று இருப்பது இதுதான். இதன் வர்க்கமூலம் 5. அதற்குத் ‘திட்ட விலக்கம்’ என்று பெயர். ஒரு வருடத்து வருமானம் சராசரிக்கு மேலோ கீழோ ஏறத்தாழ எவ்வளவு தள்ளிப்போகும் என்று இது சொல்கிறது. இங்கே 5 ஆயிரம். (ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் ஆறுக்குப் பதில் ஐந்தால் வகுப்பார்கள். நம் தேவைக்கு இது போதும்.)

பருத்திக்கும் ஆட்டுக்கும் போட்டுப் பாருங்கள். அங்கேயும் 25, 5 என்றே வரும். ஆக, சராசரியும் ஒன்று, ஏற்ற இறக்கமும் ஒன்று. தனித்தனியாகப் பார்த்தால் மூன்றில் எதுவும் மற்றதைவிட மேல் இல்லை.

கூட்டும்போது என்ன ஆகிறது

இரண்டு ஏக்கரிலும் மக்காச்சோளமே போட்டால் விலக்கம் எல்லாம் இரட்டிப்பாகும்; திட்ட விலக்கம் 10 ஆயிரம். மோசமான வருடத்தில் கையில் நிற்பது 10 ஆயிரம்.

ஒரு ஏக்கர் மக்காச்சோளம், ஒரு ஏக்கர் பருத்தி என்று பிரித்தால் ஆறு வருட மொத்தம் 36, 12, 36, 12, 24, 24. இதன் திட்ட விலக்கத்தைக் கணக்கிட்டால் 9.8 ஆயிரம். பத்தாக இருந்தது 9.8 ஆனது! இரண்டு பயிருக்கும் தனித்தனியாக விதை வாங்கி, தனித்தனியாக மருந்தடித்துக் கிடைத்த பாதுகாப்பு அவ்வளவுதான்.

ஏன் இப்படி? பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு சூத்திரம் பதில் சொல்லும். அ, ஆ என்ற இரண்டைக் கூட்டி வர்க்கம் எடுத்தால், அ வர்க்கம் + ஆ வர்க்கம் + 2 × அ × ஆ. மனப்பாடம் செய்து மறந்துபோன அந்தக் கடைசித் துண்டில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. அ என்பது மக்காச்சோளத்தின் விலக்கம், ஆ என்பது பருத்தியின் விலக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே வருடத்தில் கூடினால் பெருக்கல் கூட்டல் எண். இரண்டும் ஒரே வருடத்தில் குறைந்தாலும் பெருக்கல் கூட்டல் எண்தான். ஒன்று கூடி மற்றது குறைந்தால் மட்டுமே கழித்தல் எண்.

நம் எண்களில் அந்தப் பெருக்கல்கள் 35, 35, 35, 35, கழித்தல் 1, கழித்தல் 1. மொத்தம் 138, ஆறால் வகுத்தால் 23. இதற்கு ‘உடன்மாறுபாடு’ என்று பெயர். இப்போது கூட்டுங்கள்: 25 + 25 + 2 × 23 = 96. வர்க்கமூலம் 9.8. அந்த 23-ஐ இரண்டு திட்ட விலக்கங்களின் பெருக்கலான 25-ஆல் வகுத்தால் 0.92. இதுதான் ‘ஒட்டுறவு’ எண். அது 1 என்றால் இரண்டும் ஒரே கயிற்றில் கட்டிய மாடுகள். பூஜ்யம் என்றால் ஒன்றுக்கொன்று நேர்ச் சம்பந்தமில்லை. கழித்தல் 1 என்றால் ஒன்று ஏறினால் மற்றது இறங்கும்.

இப்போது பருத்திக்குப் பதில் ஆடு. மொத்தம் 30, 24, 36, 18, 18, 18. மக்காச்சோளத்துக்கும் ஆட்டுக்கும் உடன்மாறுபாடு வெறும் கழித்தல் 1. ஆகவே 25 + 25 – 2 = 48; திட்ட விலக்கம் 6.9 ஆயிரம். மழை குறைந்த இரண்டாம் வருடம் மக்காச்சோளம் கைவிட்டபோது ஆடு தாங்கியது. ஐந்தாம் வருடம் ஆட்டுக்கு நோய் வந்து குட்டிகள் போயின என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் மழைக்கும் சம்பந்தமில்லை, அந்த வருடம் சோளம் தாங்கியது.

வருடத் தவணை 15 ஆயிரம் என்றால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். மக்காச்சோளமும் பருத்தியும் போட்டவருக்கு ஆறில் இரண்டு வருடம் 12 ஆயிரம்தான் நிற்கிறது, தவணை தவறுகிறது. மக்காச்சோளமும் ஆடும் வைத்தவருக்கு மிக மோசமான வருடத்திலும் 18 ஆயிரம். ஆறு வருடத்து மொத்த வருமானம் இருவருக்கும் ஒன்றேதான்!

எது எதோடு சேர்ந்து மாறும்?

ஆறு வருட எண்களை வைத்து ஒட்டுறவைத் துல்லியமாகச் சொல்லிவிட முடியாது. ஒரு வருடம் மாறினாலே எண் நன்றாக அசைந்துவிடும். அதனால் எண்ணைவிடக் காரணத்தைக் கேட்பதே மேல் என்பது என் கருத்து: இந்த இரண்டையும் கெடுக்கக்கூடியது ஒரே விஷயமா?

மழைதான் பயம் என்றால், ஒரே பருவத்தில் ஒரே மண்ணில் நிற்கும் இரண்டு மானாவாரிப் பயிர்கள் பெரிய காப்பு இல்லை. பூச்சிதான் பயம் என்றால் கதை வேறு. 2018-ல் கர்நாடகத்தில் முதலில் தென்பட்டு, அதே வருடம் தமிழ்நாட்டு மக்காச்சோளத்திலும் புகுந்த படைப்புழுவை மறந்திருக்க மாட்டீர்கள். அது முதலில் தேடிப்போவது மக்காச்சோளத்தை. அப்படிப்பட்ட வருடத்தில் பக்கத்து ஏக்கரில் பருத்தியோ உளுந்தோ இருப்பது நிஜமான காப்பு. ஆக, ‘பிரித்துப் போடுவது நல்லதா’ என்று பொதுவாகக் கேட்டால் பதில் இல்லை.

ஆட்டைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. சாதாரணமாக மழை குறைந்த வருடத்தில் ஆடு காப்பாற்றும். ஆனால் கடும் வறட்சி வந்து, தீவனம் இல்லாமல் ஊரே ஆட்டைச் சந்தைக்கு ஓட்டினால் விலை விழுந்துவிடும். அந்த வருடம் பயிரும் ஆடும் சேர்ந்தே இறங்கும். நல்ல நாளில் பூஜ்யமாக இருந்த ஒட்டுறவு கெட்ட நாளில் ஏறிவிடுகிறது. கையிருப்பாகக் கொஞ்சம் சோளத்தட்டை போர் போட்டு வைத்திருப்பவர், எல்லோரும் விற்கும் வாரத்தில் தானும் விற்க வேண்டியதில்லை. அந்தப் போரின் மதிப்பு தட்டையின் விலையில் இல்லை, இங்கேதான் இருக்கிறது.

மகசூல் இறங்கும்போது ஏற வேண்டும் என்றே உண்டாக்கப்பட்ட வருமானம் ஒன்று உண்டு: பயிர்க் காப்பீட்டு இழப்பீடு. 2016-ல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயியின் பங்கு, உணவுப் பயிருக்கும் எண்ணெய்வித்துக்கும் காப்பீட்டுத் தொகையில் காரிப் பருவத்தில் 2 சதவீதம், ராபியில் 1.5 சதவீதம், வணிகப் பயிருக்கும் தோட்டக்கலைப் பயிருக்கும் 5 சதவீதம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பரவலான மகசூல் இழப்புக்குப் பணம் வருவது உங்கள் வயலை அளந்து அல்ல. அறிவிக்கப்பட்ட கிராமம் அல்லது பிர்காவின் பயிர் அறுவடைப் பரிசோதனைச் சராசரியை வைத்து. உங்கள் மகசூல் ஊர் மகசூலோடு சேர்ந்து மாறுகிறதென்றால் இந்தக் காப்பு நன்றாக வேலை செய்யும். ஊர் முழுவதும் விளைந்து உங்கள் மேட்டுக்காடு மட்டும் காய்ந்தால், இழப்பீடு வராமலே போகலாம். ஆலங்கட்டி மழை போன்ற சில இடர்களுக்கு மட்டும்தான் தனி வயல் மதிப்பீடு.

கழிக்கும்போது கணக்கு திரும்புகிறது

வருமானத்திலிருந்து செலவைக் கழித்தால் லாபம். இங்கே சூத்திரத்தின் கடைசித் துண்டு மட்டும் குறி மாறும்: அ வர்க்கம் + ஆ வர்க்கம் – 2 × அ × ஆ. கழித்தலில் ஏற்ற இறக்கம் குறையும் என்று நினைப்பவர்கள் உண்டு, அப்படி இல்லை. இரண்டும் சம்பந்தமில்லாமல் மாறினால் கழித்தாலும் விலக்க வர்க்கச் சராசரிகள் கூடவே செய்யும். சேர்ந்து மாறினால் மட்டுமே குறையும்.

நிலத்தைப் பிடித்துச் செய்பவர்களுக்கு இது அனுபவத்திலேயே தெரியும். விளைச்சல் மதிப்பின் திட்ட விலக்கம் 10 ஆயிரம் என்று வைப்போம். ரொக்கக் குத்தகை என்றால் மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அதே தொகை. அது மாறுவதே இல்லை என்பதால் உங்கள் பங்கின் ஏற்ற இறக்கமும் முழு 10 ஆயிரம். பாதி வாரம் என்றால் நிலக்காரருக்குக் கொடுப்பது விளைச்சலோடு சேர்ந்தே மாறும்: அதன் திட்ட விலக்கம் 5, ஒட்டுறவு 1. கணக்கு: 100 + 25 – 2 × 10 × 5 = 25. உங்கள் பங்கின் திட்ட விலக்கம் 5 ஆயிரமாகக் குறைகிறது. இது இலவசமில்லை, நல்ல வருடத்தில் பாதியை விட்டுக்கொடுத்து வாங்கும் நிம்மதி. பருத்திக்குக் கிலோ கணக்கில் எடுப்புக்கூலி கொடுப்பதும் இதே வகைதான். விளையாத வருடத்தில் கூலிச் செலவும் இறங்குகிறது.

விதையை ஒப்பிட: பக்கத்தில் பக்கத்தில்

விதை ஒப்பீடும் கழித்தல்தான். புது ரகத்தின் மகசூலில் இருந்து பழைய ரகத்தின் மகசூலைக் கழிக்கிறோம். அப்படியானால் இரண்டும் சேர்ந்து மாறும்படி வேண்டுமென்றே அமைத்துக்கொள்ள வேண்டும்.

இதை முதலில் தெளிவாகச் சொன்னவர்களில் ஒருவர் ஒரு பீர் ஆலைக்காரர். அயர்லாந்தின் டப்ளினில் உள்ள கின்னஸ் ஆலையில் 1899-ல் சேர்ந்த வில்லியம் சீலி காசட். நல்ல பார்லி ரகம் எது என்று கண்டுபிடிப்பது அவருடைய வேலையின் ஒரு பகுதி. சொந்தப் பெயரில் எழுத முடியாததால் ‘ஸ்டூடண்ட்’ என்ற பெயரில் எழுதினார். புள்ளியியலில் இன்றும் அந்தப் பெயர்தான் நிற்கிறது. 1923-ல் தானிய ரகச் சோதனைகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில், ஒவ்வொரு ரகத்தின் ஏற்ற இறக்கத்தையும் குறைக்க மெனக்கெடுவதைவிட, இரண்டு ரகமும் சேர்ந்து மாறும்படி வயலை அமைப்பதே சோதனை செய்பவரின் முக்கியமான திறமை என்று வாதிட்டார். அவருக்குப் பிடித்த முறை, பீவன் என்ற பார்லி வல்லுநர் கையாண்டது: விதைப்புக் கருவியின் ஒரு பாதியில் ஒரு ரகம், மறுபாதியில் இன்னொரு ரகம். கருவி போகும் இடமெல்லாம் இரண்டும் அடுத்தடுத்துப் பட்டையாக விழும். கடைசியில் திரும்பி வரும்போது இடவலம் தானாக மாறிவிடும்.

ஐந்து சென்ட் பட்டைகளாக ஆறு ஜோடி போட்டதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பட்டையிலும் கிடைத்த மக்காச்சோளம், கிலோவில்:

முதல் ஜோடி: பழையது 62, புதியது 65
இரண்டாம் ஜோடி: பழையது 48, புதியது 52
மூன்றாம் ஜோடி: பழையது 71, புதியது 72
நான்காம் ஜோடி: பழையது 55, புதியது 59
ஐந்தாம் ஜோடி: பழையது 44, புதியது 46
ஆறாம் ஜோடி: பழையது 68, புதியது 72

சராசரி பழையது 58, புதியது 61. வித்தியாசம் 3 கிலோ. ஆனால் பழைய ரகத்தின் பட்டைகளுக்குள்ளேயே 44 முதல் 71 வரை இருக்கிறதே, இந்த 3 கிலோவை நம்பலாமா?

பழையதன் விலக்க வர்க்கச் சராசரி ஏறத்தாழ 98, புதியதன் ஏறத்தாழ 95. இவை சம்பந்தமில்லாத இடங்களில் விளைந்திருந்தால் வித்தியாசத்தின் விலக்க வர்க்கச் சராசரி 193. திட்ட விலக்கம் சுமார் 14 கிலோ. ஆறு வித்தியாசங்களின் சராசரி என்பதால் அதை 6-ன் வர்க்கமூலமான 2.45-ஆல் வகுக்கலாம்: 5.7 கிலோ. 5.7 கிலோ அசைவில் 3 கிலோ எங்கே தெரியும்? ‘பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை’ என்றுதான் சொல்லத் தோன்றும். மேலக்காடு, கீழக்காடு என்று போட்டால் இதைவிட மோசம். மண்ணின் வித்தியாசமும் விதையின் வித்தியாசமும் ஒன்றாகக் கலந்துவிடும், பிரிக்கவே முடியாது.

ஆனால் இவை ஜோடிகள். மண் நன்றாக இருந்த இடத்தில் இரண்டும் நன்றாக விளைந்தன. சவலை மண்ணில் இரண்டும் சுணங்கின. ஜோடி ஜோடியாகக் கழித்துப் பாருங்கள்: 3, 4, 1, 4, 2, 4. அந்தப் பெரிய ஆட்டம் எங்கே போனது? உடன்மாறுபாடு ஏறத்தாழ 96 என்பதால், அதன் இரண்டு மடங்கு 193-இலிருந்து கழிந்து, மிஞ்சுவது 1.3 மட்டும். சராசரி வித்தியாசத்தின் அசைவு சுமார் அரை கிலோ. 3 கிலோ அதைவிட ஆறு மடங்கு. இது நிஜமான வித்தியாசம்.

ஐந்து சென்ட்டுக்கு 3 கிலோ என்றால் ஏக்கருக்கு 60 கிலோ. கிலோ 20 ரூபாய் என்று வைத்தால் 1,200 ரூபாய். புது விதைக்கு ஏக்கருக்கு 500 ரூபாய் கூடக் கொடுத்திருந்தால் லாபம். 1,500 ரூபாய் கூடக் கொடுத்திருந்தால் மகசூல் கூடியும் நஷ்டம்.

வயலில் செய்யும்போது

மேட்டிலிருந்து பள்ளத்துக்குச் சரியும் நிலமென்றால் பட்டைகள் சரிவின் போக்கிலேயே நீளமாக ஓடட்டும். அப்போதுதான் ஒரு ஜோடியின் இரண்டு பட்டையும் மேட்டையும் பள்ளத்தையும் சமமாகக் கடக்கும். குறுக்கே போட்டால் ஒன்று மேட்டிலும் மற்றது பள்ளத்திலும் மாட்டிக்கொள்ளும். கையால் ஊன்றுபவர்கள் எந்த ரகம் இடப்பக்கம் என்பதை ஒவ்வொரு ஜோடிக்கும் காசு சுண்டி முடிவு செய்யுங்கள். நாமே முடிவு செய்தால் மனசு புது விதைக்கு நல்ல பக்கத்தைக் கொடுத்துவிடும். விதைப்பு, உரம், களை, மருந்து எல்லாம் இரண்டுக்கும் ஒரே நாள், ஒரே அளவு. எடை போடும்போது ஈரப்பதமும் ஒரே அளவில் இருக்க வேண்டும்.

மிகவும் நெருக்கமாகப் போட்டால் வேறு தொல்லை வரும். உயரமான ரகம் குட்டை ரகத்துக்கு நிழல் கட்டும். அதனால் இரண்டும் சந்திக்கும் ஓர வரிசைகளை எடையில் சேர்க்காதீர்கள். உரத்தை ஒப்பிடுவதாக இருந்தால் பாசன நீரில் கரைந்து அடுத்த பட்டைக்குப் போகாதபடி நடுவில் வரப்பு போடுங்கள்.

ஒரு பருவத்தோடு முடிவு கட்டிவிடாதீர்கள். எல்லா ஜோடியும் ஒரே மழையைத்தான் பார்த்திருக்கின்றன. நல்ல மழையில் முந்திய ரகம் வறட்சியில் பின்தங்கலாம். அதைக் கண்டுபிடிக்க இன்னொரு வருடம் போட்டுப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

நடுவில் காட்டுப்பன்றி புகுந்து ஒரு பட்டையை உழுதுவிட்டுப் போனால், அந்தப் பட்டையை மட்டும் நீக்காதீர்கள். அதன் ஜோடி நன்றாகவே விளைந்திருந்தாலும் சேர்த்தே எடுத்துவிட்டு, மீதி ஐந்து ஜோடியை வைத்துக் கழியுங்கள்.